பட்ட காலுக்கு மீண்டும் ஓர் இடம்

உடல் நலத்தோடு உழைக்கும் ஒருவனைப் போற்றுதல் எவர்க்கும் எளிது. அவ்வுடல் முறிந்தபின் அவனை எங்கே வைப்பது, எந்த அளவிற்கு நம்புவது, அவனுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கின்றோம் என்னும் வினாக்களே கடியவை. ஆலையிலும் அலுவலகத்திலும் படையிலும் இவ்வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. ஆயினும் அங்கெல்லாம் அவை நான்கு சுவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஆடுகளத்திலோ அவை எல்லோரும் காண எழுகின்றன. அங்கே ஆடிய ஆட்டங்களுக்கு எண்ணிக்கை உண்டு. கொடுத்த பணத்திற்குக் கணக்கு உண்டு. பல்லாயிரவர் பார்வையும் உண்டு.

நம் குடும்பத்து இளைஞர் பலர் விடியற்காலையில் எழுந்து, அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்டுவிட்டுப் பின்னர்ப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் புறப்படுகின்றனர். அவர்களிடையே ஓயாது நடைபெறும் வழக்குகளுள் ஒன்றனை இத்திங்கள் இப்பகுதிக்கு எடுத்துக்கொண்டோம். அடிக்கடி காயமுற்று, ஆடியதினும் அமர்ந்திருந்ததே மிகுதி என்னும்படி நாள்களைக் கழித்து, இறுதியில் விலகிச் சென்ற 'சென்டர்' ஒருவரை அவருடைய பழைய குழு மீண்டும் ஒப்பந்தம் செய்து சேர்த்துக்கொள்ளலாமா என்பதே அவ்வழக்கு. 'சேர்க்கலாம்' என்பார்க்கும் 'கூடாது' என்பார்க்கும் ஒருங்கே சான்று தரும் நகரம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அஃது ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம். அந்நகரின் 'டிரெயில் பிளேசர்ஸ்' குழுவின் வரலாற்றையே உரைகல்லாகக் கொண்டு இவ்வழக்கை ஆராய்வோம்.

சென்டர் என்பார் யார்?

ஆட்டத்தை அறியாத பெற்றோர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். கூடைப்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்திற்கு ஐவர் ஆடுவர். வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். அவ்வளையத்தின் அருகே நின்று, எதிர்ப்பக்கத்தார் எறியும் பந்தைத் தடுத்தும், குறி தவறித் திரும்பும் பந்தைப் பற்றியும், நெருங்கிய இடத்திலிருந்து பந்தை வளையத்துள் இட்டும் ஆடுபவரே சென்டர். குழுவில் நெடியவரும் பெரும்பாலும் அவரே. ஏழடி உயரமும் அதற்கேற்ற பேரெடையும் உடையோரையே இவ்விடத்திற்குத் தேடுவர்.

என்.பி.ஏ. என்னும் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் ஒரு குழு வழக்கமான பருவம் ஒன்றில் 82 ஆட்டங்கள் ஆடுதல் வேண்டும். ஓர் ஆட்டம் 48 நிமிடம். ஓடுவதும் நிற்பதும், குதிப்பதும் இறங்குவதும் ஒவ்வோர் ஆட்டத்திலும் கணக்கற்றவை. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் உடலின் எடையைப்போற் பன்மடங்கு விசை முழங்காலையும் பாதத்தையும் தாக்கும். ஐந்தடி ஆறங்குல மனிதர் தாங்கும் அத்தாக்குதலை ஏழடி மனிதர் தாங்குதல் வேறு. எனவே நெடியவர்களின் வரலாற்றில் இரண்டு உறுப்புக்கள் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. ஒன்று, பாதத்தின் மேற்புறத்தில் வளைவைத் தாங்கி நிற்கும் படகெலும்பு. அதன் நடுப்பகுதிக்குக் குருதியோட்டம் குறைவாதலின், அது பிளந்தால் எளிதிற் கூடுவதில்லை. மற்றொன்று, முழங்காலின் உள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று உராயாவண்ணம் காக்கும் குருத்தெலும்பு. அதற்குக் குருதியோட்டமே இன்மையால், தேய்ந்தால் அது தானாக வளர்வதில்லை.

தேய்ந்த குருத்தெலும்பிற்கு மருத்துவர் கண்ட வழிகளுள் ஒன்று, அதன் அடியிலுள்ள எலும்பிற் சிறுசிறு துளைகள் இடுதல். கொலராடோ மாநிலத்து மருத்துவர் ரிச்சர்டு ஸ்டெட்மன் 1980-களில் வகுத்த முறை இது. துளைகளின் வழியே எலும்பு மச்சை கசிந்து உறைந்து, நாளடைவில் குருத்துப்போன்ற ஒரு புதுப்படலமாக மாறும். ஆயினும் அப்படலம் இயற்கைக் குருத்தின் வலிமையும் வழவழப்பும் உடையதன்று. பழைய வேட்டியில் ஒட்டுப்போட்டதற்கு ஒப்பாகும் அது. கந்தல் மறையும், நெசவு திரும்பாது. எனினும் இச்சிகிச்சைக்குப் பின் முழுமையாக ஆடியவர்களும் உளர். பீனிக்ஸ் குழுவின் அமாரே ஸ்டொடமையர் 2005 அக்டோபரில் இதனைச் செய்துகொண்டு, 2006-07 பருவத்தில் 82 ஆட்டங்களையும் ஆடிக் காட்டினார். ஆகவே மருத்துவம் 'ஆம்' என்றும் கூறுவதில்லை. 'இல்லை' என்றும் கூறுவதில்லை. இடைப்பட்ட அந்த ஐயமே நம் வழக்கின் வேர்.

மூன்று நெடியவர்கள்

போர்ட்லாந்துக் குழு 1970-ல் தோன்றியது. 1974-ல் புதுமுகத் தேர்வின் முதலாமவராகப் பில் வால்டன் என்னும் சென்டரை அது பெற்றது. முதல் இரண்டு பருவங்களிலும் காயங்களால் அவர் ஆடியவை 35-உம் 51-உமே. மூன்றாம் பருவத்தில் 65 ஆட்டங்கள் ஆடினார். அவ்வாண்டு, 1977-ல், பிலடெல்பியாவிடம் முதல் இரண்டு இறுதி ஆட்டங்களை இழந்தபின் அடுத்த நான்கினையும் வென்று போர்ட்லாந்து வாகை சூடியது. அக்குழு இன்றளவும் பெற்ற ஒரே வாகை அது. மறுபருவத்தில் 60 ஆட்டங்களில் 50 வெற்றிகள் பெற்றிருந்த நிலையில் வால்டனின் பாதம் பழுதுற்றது. இறுதிச் சுற்றுக்கென ஊசிமருந்தால் வலியை மறைத்துக்கொண்டு ஆட வந்தார். விளைவு, மற்றப் பாதத்தின் படகெலும்பும் முறிந்திருந்தமை தெரிந்தது. அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது பெற்ற அவரே, தமக்கு அளிக்கப்பட்ட மருத்துவத்தைக் குறைகூறி, வேறு குழுவிற்கு மாற்றுமாறு வேண்டினார். ஒரு பருவம் முழுதும் ஆடாதிருந்து, 1979-ல் சான் டியேகோவிற்குச் சென்றார்.

இரண்டாமவர் சாம் போவி. கெண்டக்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்றபொழுதே கால் எலும்பு முறிந்து இரண்டு பருவங்கள் ஆடாதிருந்தவர். 1984-ல் போர்ட்லாந்து அவரை இரண்டாமவராகத் தேர்ந்தெடுத்தது. மூன்றாமவராகச் சிகாகோவிற்குச் சென்றவர் மைக்கேல் ஜோர்டன். போவியின் கால்கள் பலமுறை முறிந்தன. ஐந்து பருவங்களில் அவர் போர்ட்லாந்திற்கு ஆடியவை 139 ஆட்டங்களே. அவற்றுள் ஒரு பருவத்தில் ஐந்து, மற்றொன்றில் ஒன்றுமே இல்லை.

மூன்றாமவர் கிரெக் ஓடன். 2007-ஆம் ஆண்டுக் குலுக்கலில் முதலிடம் கிடைக்கும் வாய்ப்புப் போர்ட்லாந்திற்கு நூற்றுக்கு ஐந்தே சொச்சம். அது கிடைத்தது. பத்தொன்பது வயதான ஓடனை அக்குழு எடுத்தது. அடுத்த இடத்தில் சியாட்டில் குழு கெவின் டுராண்டை எடுத்தது. செப்டம்பரில், ஓர் ஆட்டமும் ஆடுமுன்பே, ஓடனின் வலது முழங்காலில் முன்னர்க் கூறிய துளைச்சிகிச்சை நடந்தது. முதற் பருவம் முழுதும் போயிற்று. 2008-09 பருவத்தில் 61 ஆட்டங்கள் ஆடினார். மூன்றாம் பருவத்தில் ஆட்டம் மலரத் தொடங்கியது. சராசரி 11 புள்ளிகளும் எட்டுக்கு மேற்பட்ட திரும்புபந்துகளும் பெற்றுவந்த நிலையில், 2009 டிசம்பர் 5 அன்று, இருபத்தோராவது ஆட்டத்தில், இடது முழங்காற் சில்லு முறிந்தது. 2010 நவம்பரில் இடது முழங்காலிலும் துளைச்சிகிச்சை. 2012 பிப்ரவரியில் அதே காலில் மீண்டும் ஒரு முறை. பட்ட காலிலே படும் என்னும் பழமொழிக்கு இதனினும் கொடிய உரை வேண்டுவதில்லை.

2012 மார்ச்சு 15 அன்று போர்ட்லாந்து அவரை விடுவித்தது. அப்பொழுது அவருக்கு வயது 24. ஐந்து பருவங்களில் அக்குழுவிற்கு அவர் ஆடியவை மொத்தம் 82 ஆட்டங்கள்; நலமுள்ள ஒருவர் ஒரே பருவத்தில் ஆடும் எண்ணிக்கை அது.

சேர்க்கலாம் என்பார் கூற்று

ஓடனை விடுவித்த பின்னும் 'அவரை மீண்டும் அழைத்துப் பார்க்கலாம்' என்னும் எண்ணம் அந்நகரத்தார் சிலரிடம் எளிதில் அகலவில்லை. அதனைப் பேதைமை என்று தள்ளிவிடுதல் ஆகாது. அவர்கள் பக்கம் வலிய காரணங்கள் உண்டு.

முதலாவது, உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் கற்பித்தல் இயலாது. விரைந்து ஓடுவாரும் தொலைவிலிருந்து எறிவாரும் பலர். ஏழடி உயரத்தோடு கைத்திறனும் வாய்த்தவர் மிகச் சிலர். இரண்டாவது, முறிந்த உடலை முற்ற அறிந்தது பழைய குழுவே. எந்த அசைவில் வலி தோன்றும், எத்தனை நிமிடத்திற்குப்பின் கால் வீங்கும் என்பவற்றை அவர்களின் மருத்துவர் பல்லாண்டு கண்டிருப்பர். மூன்றாவது, விலை. நலமுள்ள சென்டருக்குக் கோடிக்கணக்கில் டாலர் வேண்டும். காயமுற்றவரோ குறைந்த ஊதியத்திற்கும் இசைவர். ஓடனே 2011-ல் 80 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட ஓராண்டு ஊதியத்தைப் பெற வேண்டியிருந்தவர், முழங்கால் தேறவில்லை என்று தெரிந்தபின் ஏறத்தாழ 15 இலட்சத்திற்கு இசைந்தார்.

நான்காவது காரணமே நம் உள்ளத்தைத் தொடுவது. அவர் எவர் சட்டையை அணிந்து ஆடுகையில் முறிந்தாரோ, அவர்க்கு அவரிடத்துக் கடன் இல்லையா? நலமுள்ளபோது கொண்டாடி, முறிந்தபின் வாயிற்கதவைச் சாத்தும் இல்லத்தில் மற்றவர் மனமுவந்து உழைப்பரா?

இக்கூற்றிற்குக் கிளீவ்லாந்துக் குழுவின் வரலாறு நல்லதொரு துணை. லித்துவேனிய நாட்டுக் கௌனாஸ் நகரத்தவரான சைட்ரூனாஸ் இல்காஸ்கஸ், ஏழடி மூன்றங்குல உயரத்தவர். 1996-ல் அக்குழு அவரை இருபதாமவராக எடுத்தது. பாதம் முறிந்து முதற்பருவம் ஆடவில்லை. இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டங்களும் ஆடினார். 1999-ல் அவருக்கு ஆறாண்டிற்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தனர். ஐந்து ஆட்டங்களுக்குள் பாதம் மீண்டும் முறிந்தது. அடுத்த பருவம் முழுதும் இல்லை. அதற்கடுத்ததில் 24 ஆட்டங்களே. பாதத்தின் அமைப்பையே மாற்றும் அறுவைக்குப் பின் அவர் எழுந்தார். 2002-03 பருவத்தில் 81 ஆட்டங்கள் ஆடி, அவ்வாண்டின் சிறந்தோர் ஆட்டத்திலும் இடம் பெற்றார். 2007-ல் அக்குழு இறுதிப் போட்டிக்கு முதன்முறையாகச் சென்றபொழுது அவரே சென்டர். 2010 பிப்ரவரியில் வாஷிங்டன் குழுவிற்கு மாற்றப்பட்டு, அங்கே விடுவிக்கப்பட்டார். விதிப்படி காத்திருக்க வேண்டிய நாள் கழிந்தவுடன் மார்ச்சிலேயே கிளீவ்லாந்து அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2014-ல் அவர் அணிந்த 11 என்னும் எண்ணை எவர்க்கும் இனி அளிப்பதில்லை என்று உயர ஏற்றிவைத்தது. பொறுத்தார் பெற்ற பயன் இது.

கூடாது என்பார் கூற்று

மறுபக்கத்தாரும் வெறுங்கையோடு வரவில்லை. என்.பி.ஏ. குழுவிற் பெயர் பதியப்படும் இடங்கள் அடிப்படையில் பதினைந்தே. ஓரிடத்தில் ஆடவியலாதார் அமர்ந்தால், அவ்விடத்தில் வளர வேண்டிய இளைஞன் ஒருவன் வெளியே நிற்கின்றான். ஊதியம் குறைவாயினும் இடம் குறைவில்லை.

அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 'அவர் நாளை வந்துவிடுவார்' என்னும் நம்பிக்கை, இன்று வேறொருவரைத் தேடுதலைத் தடுக்கின்றது. போர்ட்லாந்தின் கதையே சான்று. 1989-ல் அக்குழு போவியின் காலுக்குக் காத்திருந்தது போதும் என்று துணிந்தது. அவரை நியூ ஜெர்சிக்கு அளித்து, பக் வில்லியம்ஸ் என்னும் உழைப்பாளரைப் பெற்றது. 1990-லும் 1992-லும் இறுதிப் போட்டி வரை சென்றது. போவிக்கும் தீங்கில்லை; நியூ ஜெர்சியில் நான்கு பருவங்களில் 280 ஆட்டங்கள் ஆடினார். பிரிவு இரு சாரார்க்கும் நன்மையாயிற்று.

ஓடனை விடுவித்த 2012 மார்ச்சு 15 அன்றே அக்குழு ஜெரால்டு வாலஸ் என்பவரை நியூ ஜெர்சிக்கு அளித்துப் புதுமுகத் தேர்வுரிமை ஒன்றைப் பெற்றது. அவ்வுரிமையைக் கொண்டு சூன் திங்களில் ஆறாமவராக எடுக்கப்பட்டவர் டாமியன் லில்லார்டு. அடுத்த பத்தாண்டிற்கும் மேலாக அந்நகரின் பெயரைத் தாங்கி நின்றவர் அவர். பழைய நம்பிக்கையை விடுவித்த கையே புதியதைப் பற்றியது.

மூன்றாவதாக அவர்கள் கூறுவது, பழைய நகரத்தின் நினைவு. ஓடன் புதிய ஊரில் பத்து நிமிடம் ஆடி ஆறு புள்ளிகள் எடுத்தால், 'நன்று' என்பர். போர்ட்லாந்தில் அதே ஆறு புள்ளிகளைக் கண்டோர், 'டுராண்டு இன்று எத்தனை எடுத்தார்?' என்றே கேட்பர். 2014-ல் டுராண்டு அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். அந்த ஒப்பீட்டின் பாரத்தை எந்த முழங்கால் தாங்கும்?

எமது கருத்து

இரு பக்கமும் நியாயம் இருப்பதால் 'அவரவர் மனம் போல்' என்று கூறி விலகுதல் முறையன்று. யாம் இவ்வழக்கை நான்கு வினாக்களாகப் பிரித்து நோக்குகின்றோம்.

முதல் வினா, எந்த இடத்திற்கு அழைக்கின்றீர்? 'தூணாக' அழைத்தல் வேறு, 'முட்டுக்கோலாக' அழைத்தல் வேறு. வால்டனின் பிற்கால வரலாறு இதனைத் தெளிவாக்கும். சான் டியேகோவில் அவரே தூண். இரண்டு முழுப் பருவங்கள் அங்கே ஆடாமலே கழிந்தன. 1985-ல் பாஸ்டன் குழு அவரைப் பெற்றது. அங்கே ராபர்ட்டு பாரிஷ் என்னும் சென்டர் முன்னரே இருந்தார். லாரி பேர்டும் கெவின் மெக்ஹேலும் இருந்தனர். வால்டன் ஆட்டத்திற்கு ஏறத்தாழ 19 நிமிடமே ஆடினார். ஆனால் 80 ஆட்டங்கள் ஆடினார்! மாற்று ஆட்டக்காரருட் சிறந்தவர் என்னும் விருதையும், 1986-ல் இரண்டாம் வாகையையும் பெற்றார். அடுத்த பருவத்தில் அவரால் ஆடவியன்றவை பத்தே. முறிந்த பாதம் தரவல்லது ஓராண்டு என்றால், அவ்வோராண்டைப் பத்தொன்பது பத்தொன்பது நிமிடமாகப் பகுத்துச் செலவிட்டமையே பாஸ்டனின் அறிவு.

இரண்டாவது வினா, அவர் வாராதுபோயினும் குழு நிற்குமா? நிற்கும் என்றால் அழைக்கலாம். நில்லாது என்றால் அழைத்தல் சூதாட்டம்; அச்சூதில் பணயமாவது அம்மனிதரின் கால்.

மூன்றாவது வினா, இன்று ஆடலாமா என்பதை முடிவு செய்பவர் யார்? வெற்றி வேண்டும் பயிற்சியாளரா, செலவிட்ட பணத்தை எண்ணும் உரிமையாளரா, ஆட வேண்டும் என்னும் வேட்கையால் வலியை மறைக்கும் ஆட்டக்காரரா? மூவரும் ஆகார். அம்மூவருக்கும் அஞ்சாத மருத்துவர் ஒருவர் கூறுவதே இறுதியாதல் வேண்டும். 1978-ன் ஊசிமருந்தை நினைவிற் கொண்டோர் இதனை மறுக்கமாட்டார். இவ்வுறுதி எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் எத்தனை இலட்சம் எழுதியிருந்தாலும் அது நல்ல ஒப்பந்தமன்று.

நான்காவது வினா, நன்றிக்காகச் சேர்க்கின்றீரா, பயனுக்காகச் சேர்க்கின்றீரா? இரண்டையும் ஒரே தாளில் எழுதுதல் ஆகாது. நன்றிக்காகச் சேர்த்தவரிடம் பயனை எதிர்பார்த்தால் கசப்பே எஞ்சும். நன்றி செலுத்த வழிகள் வேறு உண்டு. முழுமையான மருத்துவம், கல்வியை முடிக்க உதவி, பயிற்சித்துறையில் ஓரிடம் ஆகியன.

இந்நான்கு வினாக்களையும் கொண்டு நோக்கின், போர்ட்லாந்து 2012-ல் எடுத்த இரண்டு முடிவுகளும் விளங்கும். அவ்வாண்டு பிப்ரவரியில், ஓடனை விடுவிப்பதற்குச் சில கிழமைகள் முன்பு, அக்குழு தன் பழைய சென்டர் ஜோயல் பிரிசிபில்லாவை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2004 முதல் அங்கே ஆடியவர் அவர். 2009 டிசம்பர் 22 அன்று, ஓடன் வீழ்ந்த பதினேழாம் நாள், இவருக்கும் வலது முழங்காலின் தசைநாண் அறுந்தது. 2011-ல் சார்லட்டுக் குழுவிற்கு மாற்றப்பட்டார். திரும்பி வந்தவரை எவரும் தூணாக எண்ணவில்லை; எஞ்சிய பருவத்தில் 27 ஆட்டங்கள் ஆடி, ஆட்டத்திற்கு இரண்டு புள்ளிகளும் ஐந்து திரும்புபந்துகளும் எடுத்தார். சிறிய வேலைக்குச் சிறிய விலை, அளந்த எதிர்பார்ப்பு, அன்போடு வரவேற்ற மக்கள். அம்முடிவு சரியே.

ஓடனைப் பொறுத்தவரை, அவரைப் போர்ட்லாந்து மீண்டும் அழையாமையும் சரியே என்பது எமது துணிபு. அவர் தகுதியற்றவர் என்பதால் அன்று. அந்நகரில் அவர் முட்டுக்கோலாக இருக்க எவரும் விட்டிருக்கமாட்டார்; 2007-ன் கனவு அவரைத் தூணாகவே பார்த்திருக்கும். 2013 ஆகஸ்டில் மயாமிக் குழு அவரைக் குறைந்த ஊதியத்தில் ஓராண்டிற்குச் சேர்த்தது. 2014 சனவரியில், நான்காண்டிற்கு மேற்பட்ட இடைவெளிக்குப்பின், அவர் மீண்டும் என்.பி.ஏ. ஆடுகளத்தில் இறங்கினார். அப்பருவத்தில் 23 ஆட்டங்கள், ஆட்டத்திற்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம். அவ்வளவே அக்கால்கள் தாங்கின. அதன்பின் சீனத்தில் சில காலம் ஆடி ஓய்ந்தார். மயாமி எதனையும் இழக்கவில்லை. அவரும் மீண்டும் ஆடினேன் என்னும் நிறைவோடு விலக முடிந்தது. பாஸ்டன் வால்டனுக்குச் செய்ததன் சிறு வடிவம் அது. அதனைச் செய்தற்கு உரிய இடம் பழைய ஊர் அன்று, புதிய ஊரே.

ஆயின் இல்காஸ்கஸ் பழைய ஊரிலேயே தழைத்தாரே எனின், அவர் இருபதாமவராக வந்தவர் என்பதை நோக்குக. அவருக்குப் பதிலாக இழந்த பெருவீரன் ஒருவனை அந்நகரம் நாள்தோறும் நினைந்து வருந்தவில்லை. தவிரவும், பாதத்தின் குறைக்கு அறுவையால் திருத்தம் கிடைத்தது. தேய்ந்த குருத்திற்கு அவ்வாறான திருத்தம் கிடைக்கவில்லை. நோய் வேறு, ஆகவே முடிவும் வேறு.

பழைய வீரரை அழைக்கும் வழக்கு அந்நகரில் இன்னும் ஓயவில்லை. 2023-ல் விலகிச் சென்ற லில்லார்டுக்கு, 2025 ஏப்ரலில் மில்வாக்கிக் குழுவிற்கு ஆடுகையில் குதிகால் தசைநாண் அறுந்தது. மில்வாக்கி அவரை விடுவித்தது. சூலையில் போர்ட்லாந்து அவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மீண்டும் சேர்த்தது. அவர் சென்டர் அல்லர். காயத்திற்குப் பேர்போனவரும் அல்லர். ஆயினும் நான்கு வினாக்களும் அவருக்கும் பொருந்துவனவே. 35 வயதில், தேறுதற்கு ஒரு பருவம் வேண்டிய காலோடு வருபவரைத் தூணாக எண்ணாது குழுவை நடத்தினால் அவ்வொப்பந்தம் அழகியதாகும்.

நம் இல்லத்திற்கு

இத்துணை தொலைவில் நடந்தவற்றை நாம் ஏன் இவ்வளவு நீள ஆராய்தல் வேண்டும் என்று கேட்பார் இருக்கலாம். நம் பிள்ளைகள் ஆடுகின்றார்கள். பள்ளிக் குழுவிலும் மாநிலக் குழுவிலும் இடம் பெறும் ஆசையால் கால்வலியை வீட்டில் மறைப்பாரும் உளர். வேற்றூரில் வாழும் நமக்கு, 'பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டான்' என்னும் பெருமிதம் சற்று மிகுதியாகவே இனிக்கும். அப்பெருமிதத்திற்காகப் பத்து நாள் ஓய்வை ஐந்து நாளாக்கத் துணியும் பெற்றோர் வால்டனின் பாதத்தை எண்ணுக. ஓய்வு என்பது பயிற்சியின் ஒரு பகுதி. பயிற்சிக்கு இடையூறு அன்று. ஆடலாமா என்பதை மருத்துவர் கூறட்டும். தாயும் தந்தையும் பயிற்சியாளரும் அதற்கு உடன்படட்டும்.

மற்றொன்றும் உண்டு. ஓடன் தம்மைப் பற்றித் தாமே 2016-ல் கூறியபொழுது, தம் ஆட்ட வாழ்வை என்.பி.ஏ. வரலாற்றின் பெருந்தோல்வியாகவே மக்கள் நினைப்பர் என்றார். ஆனால் அதோடு அவர் நின்றுவிடவில்லை. ஓராண்டு மட்டும் பயின்று விட்டுவந்த ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிச் சென்றார். தம்மினும் பல்லாண்டு இளையவரோடு வகுப்பில் அமர்ந்து, 2019-ல் பட்டம் பெற்றார். 2022-ல், தம் பழைய பயிற்சியாளர் தாட் மட்டாவின் துணைவராகப் பட்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்துத் துறையிற் பணியேற்றார். அவரைத் திரும்ப அழைத்தவர் அவருடைய கால்களை நோக்கி அழைக்கவில்லை; அவருடைய அறிவையும் பட்ட அனுபவத்தையும் நோக்கி அழைத்தார்.

முறிந்தவரை அழைக்கலாமா என்னும் வினாவிற்கு எமது விடை இதுவே: அழைக்கலாம், ஆனால் அவருடைய உடல் இன்று எதனைத் தரவல்லதோ அதற்காக மட்டும் அழைத்தல் வேண்டும். முன்னாளில் அது தரும் என்று நாம் கண்ட கனவிற்காக அழைத்தல், அவருக்கும் தீது, அழைப்பார்க்கும் தீது.